22 கேள்விகள்: ஒரு வாசிப்பு

இந்தப் பக்கங்களில் நாவலுக்கும் சிறுகதைத் தொகுப்புக்கும் விமர்சனம் வரும். நான் எடுத்துக்கொண்டிருப்பது ஒரு மருத்துவமனைப் படிவம். இரண்டு தாள், 22 கேள்விகள். ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்து பதில்கள். 'இல்லவே இல்லை' என்றால் 0, 'அநேகமாக எப்போதும்' என்றால் 4. எல்லாவற்றுக்கும் 4 போட்டால் 88 வரும்.

இதன் பெயர் சாரிட் சுமை நேர்காணல். நோயாளியை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவருக்கு எவ்வளவு சுமை என்று அளப்பதற்கான கருவி. ஸ்டீவன் சாரிட், கேரன் ரீவர், ஜூலி பாக்-பீட்டர்சன் என்ற மூன்று பேர் அமெரிக்காவில் 1980-இல் வெளியிட்ட ஓர் ஆய்விலிருந்து வந்தது. அப்போது 29 கேள்விகள் இருந்தன, பிறகு 22 ஆனது. 12 கேள்வி கொண்ட சின்னப் பதிப்பும் உண்டு. மறதிநோய் வந்த முதியவர்களின் குடும்பத்துக்காக எழுதப்பட்டது, இன்று பக்கவாதம், பார்கின்சன் என்று பல நோய்களுக்கும் பல மொழிகளிலும் புழங்குகிறது. மலாயிலும் இருக்கிறது.

இதற்கு எதற்கு விமர்சனம் என்று கேட்கலாம். என் அம்மாவைப் பற்றி யாரோ எழுதி நான் வாசித்த ஒரே பிரதி இதுதான். அவ்வளவுதான் காரணம்.

அப்பாவுக்கு எட்டு வருடமாகப் பார்கின்சன். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தாமானில் அம்மாவும் அப்பாவும் மட்டும் இருக்கிறார்கள். அக்கா கல்யாணமாகி ஜொகூரில். நான் பெர்லிஸில் பொறியியல் படித்துவிட்டு, பத்து கவானில் ஒரு தொழிற்சாலையில் அளவுகருவிகளைச் சரிபார்க்கும் வேலையில் இருக்கிறேன். ஒரு பொருள் எத்தனை மில்லிமீட்டர் என்று சொல்வது என் வேலை இல்லை. அதைச் சொல்லும் கருவியை நம்பலாமா என்று பார்ப்பதுதான் என் வேலை.

போன வருடம் ஈப்போவில் ஒரு மருத்துவமனையில் அப்பாவின் தவணைக்கு நானும் போயிருந்தேன். தாதி இந்தப் படிவத்தைக் கொடுத்தார். மலாயில் இருந்தது. அம்மா தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்தவர். மலாய் பேசுவார், சந்தைக்குப் போதுமான அளவுக்கு. தலைப்பில் இருந்த 'பென்ஜாகா' என்ற சொல்லை நான் வாசித்ததும் சிரித்தார்.

"நான் என்ன ஜாகாவா?"

தோட்டத்தில் ஜாகா என்றால் ஸ்டோருக்குக் காவல் இருக்கும் ஆள். கையில் டார்ச்லைட்டோடு ராத்திரி முழுக்கத் தூங்காமல் இருக்க வேண்டியவர். அம்மா வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் அந்தப் படிவத்துக்கு அதைவிடச் சரியான விமர்சனத்தை நான் இன்னும் எழுதவில்லை.

தாதி என்னைப் பார்த்து, "நீங்களே கேட்டு எழுதிக் கொடுங்கள்" என்றார். அப்பா சக்கர நாற்காலியில் அம்மாவை ஒட்டி உட்கார்ந்திருந்தார். வெளியே இன்னும் முப்பது பேர் காத்திருந்தார்கள். நான் கேட்க ஆரம்பித்தேன்.

கோபம் பற்றி ஒரு கேள்வி வந்தது. அப்படியே தமிழில் கேட்டேன். அம்மா அப்பாவின் காலரைச் சரிசெய்துகொண்டே, "கோவமா? இந்த மனுசன் மேலயா?" என்றார். 0 போட்டேன். பராமரிப்பை வேறொருவரிடம் விட்டுவிட முடிந்தால் நல்லது என்று தோன்றுகிறதா என்ற பொருளில் இன்னொரு கேள்வி. அதை நான் இப்படி மொழிபெயர்த்தேன்:

"அம்மா, வேற யாராச்சும் கொஞ்சம் உதவி செஞ்சா நல்லா இருக்கும்னு தோணுமா?"

"அதெல்லாம் வேணாம் ஐயா. நீ வேலையப் பாரு."

அதற்கும் 0. எண்களைக் கூட்டினேன். 17 வந்தது. 20-ஐத் தாண்டாத எண்ணுக்குச் சுமை இல்லை, அல்லது மிகக் குறைவு என்று பொருள். தாதி அதைக் கோப்பில் எழுதிக்கொண்டார். அம்மாவுக்குச் சந்தோஷம், பரீட்சையில் தேறிய மாதிரி. எனக்கும்தான்.

வீடு திரும்பும் வழியில்தான் நான் என்ன செய்தேன் என்பது உறைத்தது. விட்டுவிடுவது என்ற சொல்லை நான் உதவி என்று மாற்றியிருந்தேன். தமிழில் சொல் இல்லாததால் இல்லை. விட்டுவிடலாம் என்று அம்மா சொன்னால் அடுத்த கேள்வி யாரிடம் என்பதாக இருக்கும், அந்த அறையில் அதற்கு என்னைத் தவிர வேறு பதில் இல்லை.

தொழிற்சாலையில் ஓர் அளவுகருவியை நம்புவதற்கு முன் 'கேஜ் ஆர் அண்ட் ஆர்' என்று ஒரு சோதனை செய்வோம். பத்து உதிரிபாகங்களை மூன்று பேரிடம் கொடுத்து, ஒவ்வொருவரையும் இரண்டு மூன்று தடவை அளக்கச் சொல்வோம். பிறகு வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்ப்போம். உண்மையில் பாகத்துக்குப் பாகம் மாறுகிறதா? அல்லது அளப்பவருக்கு அளப்பவர் மாறுகிறதா? மொத்த வித்தியாசத்தில் கருவியும் ஆளும் சேர்ந்து முப்பது விழுக்காட்டுக்கு மேல் கொண்டுவந்தால் அந்த அளவையை ஏற்க மாட்டோம். காலிப்பர் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் சரி. அந்த 17 என் அம்மாவின் எண்ணா, அல்லது அளந்த ஆளின் எண்ணா? என் தொழிலில் அதை நான் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கவே மாட்டேன்.

இதையெல்லாம் வைத்துப் படிவத்தைத் தூக்கிப் போட்டுவிடலாம். இலக்கியம் வாசிக்கும் நமக்கு அது சுலபமும்கூட. மனித வேதனையை எண்ணால் அளக்க முடியுமா என்று ஒரு வரி எழுதினால் போதும், நண்பர்கள் பகிர்வார்கள். ஆனால் திரும்பத் திரும்ப வாசித்ததில், இந்தப் பிரதி ஒரு காரியத்தை நம் கதைகளைவிட நன்றாகச் செய்கிறது என்று தோன்றியது. அது அம்மாவைப் புகழவில்லை.

நான் வாசித்த தோட்டத்துக் கதைகளில் கித்தா மரம் வரும், கங்காணி வருவார், கள்ளுக்கடை வரும். ஒரு மூலையில் கயிற்றுக் கட்டிலில் நோயாளி ஒருவர் கிடப்பார். அவரைப் புரட்டிப் போட்டது யார், துணி மாற்றியது யார் என்பது பெரும்பாலும் கதையில் வராது. வந்தால் அவள் தியாகியாக வருவாள். பொறுமையே உருவானவள், முகம் சுளிக்காதவள். நம் சினிமாவிலும் அப்படித்தான். இந்தப் படிவம் முகம் சுளிப்பதைப் பற்றித்தான் கேட்கிறது. உங்களுக்கென்று நேரம் இருக்கிறதா, வீட்டுக்கு ஆள் வந்தால் கூச்சமாக இருக்கிறதா, அவர் பக்கத்தில் இருக்கும்போது எரிச்சல் வருகிறதா, போதுமான அளவு செய்யவில்லை என்ற குற்ற உணர்ச்சி இருக்கிறதா. ஒரே படிவத்தில் எரிச்சலும் குற்ற உணர்ச்சியும் வருகின்றன, ஒன்று மற்றதை ரத்து செய்வதில்லை. 'சில சமயம்' என்ற நடுப்பதில் ஒரு கொடை. தியாகிக்கு அந்தப் பதில் கிடையாது, மனுஷிக்கு உண்டு.

இனி இந்தப் பிரதி தவறும் இடங்கள்.

முதலாவது, நோயாளியைப் பற்றிய அதன் கற்பனை. தேவைக்கு மேல் உதவி கேட்கிறாரா என்ற பொருளில் ஒரு கேள்வி இருக்கிறது. கேட்கிற நோயாளியை, குரல் உள்ள நோயாளியை மனதில் வைத்து எழுதப்பட்ட கேள்வி. பார்கின்சனில் குரல் தேய்ந்துபோகிறது. முகத்தின் தசைகள் இறுகி, சிரிப்பதும் வலிப்பதும் ஒரே மாதிரித் தெரிகிறது. அப்பா எதுவும் கேட்பதில்லை. அவருக்கு என்ன வேண்டும் என்று நாள் முழுக்க ஊகிப்பதுதான் அம்மாவின் வேலையில் பாதி. அந்தப் பாதிக்கு இங்கே கட்டம் இல்லை.

இரண்டாவது, காலம். அப்பாவின் லெவோடோபா மாத்திரை காலை ஆறு, பத்து, மதியம் இரண்டு, மாலை ஆறு என்று நேரம் தவறாமல் போக வேண்டும். பிந்தினால் நின்ற இடத்திலேயே உறைந்துவிடுவார். மீன், கோழி, பருப்பு போன்ற புரதம் மிகுந்த சாப்பாட்டோடு போனால் மருந்து சரியாக ஏறாது. ராத்திரியில் தானாகப் புரள முடியாது, அம்மா மூன்று நான்கு தடவை எழுந்து புரட்டுவார். ஓர் இரும்புக் கம்பியை ஒரே தடவையில் உடைக்கப் பெரிய சுமை வேண்டும். ஆனால் அதைவிடக் குறைந்த சுமையைக்கூடத் திரும்பத் திரும்ப ஏற்றி இறக்கினால் ஒருநாள் கம்பி சத்தமில்லாமல் முறிந்துவிடலாம். அதைக் களைப்பு முறிவு என்போம். முறியும் நாளில் சுமை எவ்வளவு என்று அளந்தால், நேற்று இருந்த அதே அளவுதான் இருக்கும். இந்தப் படிவம் இன்றைய சுமையைக் கேட்கிறது. எத்தனையாவது தடவை என்று கேட்பதில்லை.

மூன்றாவதுதான் முக்கியம். அதைச் சொல்ல அந்த 1980 ஆய்வுக்குப் போக வேண்டும், பிறகு எங்கள் தோட்டத்துக்கு.

அந்த ஆய்வில் கலந்துகொண்ட பராமரிப்பாளர்கள் 29 பேர்தான். நோய் முற்ற முற்றச் சுமை கூடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவர்கள் கண்டது வேறு. நோயினால் வரும் நடத்தைப் பிரச்சினைகள் எவ்வளவு என்பதோடு சுமைக்குத் தொடர்பு தெரியவில்லை. தொடர்பு தெரிந்தது ஓர் இடத்தில்தான்: குடும்பத்தில் மற்றவர்கள் நோயாளியை எத்தனை தடவை வந்து பார்க்கிறார்கள் என்பதில். ஆள் வரும் வீடுகளில் சுமை குறைவாக இருந்தது.

இதை வாசித்தபோது தாத்தா ஞாபகம் வந்தது. எனக்கு ஏழு வயதாகும்வரை தோட்டத்து லயத்தில் இருந்தோம். தாத்தாவுக்குப் பக்கவாதம். பாட்டி விடியற்காலை பெரட்டுக்குப் போய், மரம் சீவி, பால் எடுத்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு மதியம்தான் திரும்புவார். அதுவரை தாத்தா லயத்து வாசலில் கிடப்பார். பக்கத்து வீட்டில் கஞ்சி கொடுப்பார்கள், ஆயாக் கொட்டகை ஆயா போகிற வாக்கில் எட்டிப் பார்ப்பார். இதைச் சொர்க்கமாக்க எனக்கு விருப்பமில்லை. தாத்தா ஒருமுறை சாக்கடையில் உருண்டு விழுந்து, யாரும் கவனிக்காமல் வெகுநேரம் கிடந்திருக்கிறார். பாட்டியின் முதுகு கடைசிவரை நிமிரவில்லை. சில நாட்கள் பாட்டி லயமே கேட்க, "எப்பதான் போய்ச் சேருவ?" என்று தாத்தாவைப் பார்த்துக் கத்துவார். அப்போது அடுத்த வீட்டு அக்கா ஒன்றும் பேசாமல் வந்து பாட்டி கையிலிருந்து கஞ்சிக் கோப்பையை வாங்கிக்கொள்வார்.

அந்த லயத்தில் சுமையை அளக்க ஒரு முறை இருந்தது. பாட்டியின் சத்தம். அதைக் கேட்கப் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் காது இருந்தது, கேட்டதும் ஒரு கை வந்தது. பிறகு தோட்டம் கைமாறியது, கித்தாவை வெட்டிச் செம்பனை நட்டார்கள், நாங்கள் தாமானுக்கு வந்தோம். இப்போது செங்கல் சுவர், இரும்பு கிரில், தண்ணீர்த் தொட்டி எல்லாம் இருக்கிறது. அம்மா கத்துவதே இல்லை. கத்தினாலும் யாருக்கும் கேட்காது.

ஆகவே இந்தப் படிவம் 22 கேள்விகளையும் அம்மாவிடம் கேட்கிறது. ஆனால் அதைப் பெற்றெடுத்த ஆய்வு சொன்ன காரணம் அந்த அறைக்கு வெளியே இருக்கிறது. வராதவர்களிடம் இருக்கிறது. அவர்களுக்கு ஒரு கேள்வி கூட இல்லை. சுமை அம்மாவின் மனதில் இருக்கும் ஒரு பொருள் போல, அவர் சரியாகச் சொல்லிவிட்டால் நமக்குக் கிடைத்துவிடும் என்பது போல இந்தப் பிரதி நடந்துகொள்கிறது.

நம் பக்கம் வேறு முயற்சிகள் நடந்திருக்கின்றன. 1981-இல் பாய், கபூர் இருவரும் இந்தியாவில் மனநோயாளிகளின் குடும்பங்களுக்காக ஒரு நேர்காணல் முறையை உருவாக்கினார்கள். அதில் பணம், அன்றாட வேலை, ஓய்வு, குடும்பத்துக்குள் உறவு, மற்றவர்களின் உடல்நலம், மனநலம் என்று ஆறு தலைப்புகள். அலகு தனிமனிதர் இல்லை, வீடு. 1998-இல் சென்னையின் ஸ்கார்ஃப் அமைப்பிலிருந்து, மருத்துவர் தாரா குழுவினர், நாள்பட்ட மனநோயாளிகளின் உறவினர்களுக்காக 40 கேள்விகள் கொண்ட ஓர் அளவையை வெளியிட்டார்கள். அதன் கேள்விகளைக் குடும்பத்தினரின் பேச்சிலிருந்தே தொடங்கித் திரட்டினார்கள். மறதிநோயை ஆராய்ந்த 10/66 என்ற பன்னாட்டுக் குழு சென்னையிலும் வேலூரிலும் வேலை செய்தது. அந்தப் பெயரே ஒரு குற்றச்சாட்டு: மறதிநோயாளிகளில் 66 விழுக்காட்டினர் வளரும் நாடுகளில் இருக்க, ஆய்வுகளில் 10 விழுக்காடு கூட அவர்களைப் பற்றியதில்லை. அந்தக் குழுவும் சாரிட் கேள்விகளைப் பயன்படுத்தியிருக்கிறது. ஆக, என் அம்மாவைப் போன்றவர்களிடம் இவை தமிழில் கேட்கப்பட்டிருக்கின்றன. ஈப்போவில் அன்று எங்கள் கைக்குத்தான் அது வரவில்லை.

மூன்று மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை ராத்திரி, அப்பா தூங்கிய பிறகு, சமையலறையில் அம்மாவிடம் மறுபடியும் கேட்டேன். இந்த முறை எதையும் மழுப்பாமல் நானே தமிழில் எழுதி வைத்திருந்தேன். அம்மா மறுநாளைக்குக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

கோபம் பற்றிக் கேட்டதும் கை நின்றது. "போன வாரம் ஒரு நாளு கைய ஓங்கிட்டேன்யா. அடிக்கல. ஓங்கிட்டேன்." பிறகு கீரையைப் பார்த்தே, "அத எழுதிக்கோ" என்றார். கல்யாணங்களுக்குப் போவதை நிறுத்தி இரண்டு வருடமாகிறது என்றார். பந்தியில் அப்பாவின் கை நடுங்கிச் சாம்பார் சிந்தியதை யாரோ செல்போனில் படம் பிடித்தார்களாம். தேவைக்கு மேல் கேட்கிறாரா என்ற கேள்விக்கு மட்டும் பதில் சொல்ல மறுத்தார். "அதுக்கு ஒண்ணும் எழுதாத. அவரு பாவம், எதையும் கேக்கறதே இல்ல."

ஒரு கேள்வியை விட்டும் 44 வந்தது. மிதமானதிலிருந்து கடுமையானது வரை என்ற வரிசை. அப்பாவின் நோயில் மூன்று மாதத்தில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. 44-தான் உண்மை என்று நான் சொல்ல மாட்டேன். முதல் தடவை அளந்தவன் பயந்தவன், இரண்டாம் தடவை அளந்தவன் குற்ற உணர்ச்சி உள்ளவன். இரண்டு பேரும் ஒரே ஆள். எனக்குத் தெரிந்தது இரண்டுக்கும் நடுவில் இருக்கும் 27 புள்ளிகள் மட்டும்தான். அது நோயின் அளவு இல்லை. அப்பா பக்கத்தில் இருந்தது, அறையில் கூட்டம் இருந்தது, நான் சொல்லை மாற்றியது, இவற்றின் அளவு.

படிவத்தை மடிக்கும்போது அம்மா கேட்டார்:

"எல்லாம் என்னையே கேக்குது. ஒன்ன ஒண்ணும் கேக்கலயா?"

"இல்லம்மா."

"ம்ம்" என்று சொல்லிவிட்டு ஆய்ந்த கீரையை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டார்.

விமர்சனம் என்றால் கடைசியில் பரிந்துரைக்கிறேனா இல்லையா என்று சொல்ல வேண்டும். பரிந்துரைக்கிறேன். வீட்டில் யாரையாவது பார்த்துக்கொண்டிருக்கும் அம்மாவோ அக்காவோ அண்ணனோ உங்களுக்கு இருந்தால் இந்த 22 கேள்விகளைத் தேடி வாசியுங்கள். அவர்கள் நிரப்பட்டும் என்று கொடுப்பதற்கு முன் நீங்கள் வாசியுங்கள். எண்ணை நம்புவதற்கு முன் யார் கேட்டது, எந்த மொழியில், பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள், யார் வரவே இல்லை என்று பாருங்கள். எண் வந்த பிறகு என்ன நடக்கிறது என்றும் பாருங்கள். 17 ஒரு கோப்புக்குள் போனது, எந்தக் கதவையும் திறக்கவில்லை. எங்கள் 44 எந்தக் கோப்பிலும் இல்லை. ஆனால் அது ஒரு கதவைத் திறந்தது, என்னுடையதை.

இப்போது வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் நெடுஞ்சாலையில் தெற்கே இறங்கிவிடுகிறேன். சனி, ஞாயிறு மாத்திரைகள் என் பொறுப்பு. ராத்திரி புரட்டுவதும். முதல் வாரமே காலை மாத்திரையை நாற்பது நிமிடம் பிந்திக் கொடுத்து, அப்பா குளியலறை வாசலில் உறைந்து நின்றார், நான் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மா எழுந்து வரவில்லை. தூங்குகிறாரா அல்லது எழாமல் படுத்திருக்கிறாரா என்று தெரியவில்லை, கேட்கவும் இல்லை.

அடுத்த தவணை இன்னும் ஒரு மாதத்தில் வருகிறது. மறுபடியும் கேள்விகள் கேட்பதானால் குடும்பத்தில் இல்லாத, தமிழ் தெரிந்த ஒருவர் கேட்கட்டும் என்று தாதியிடம் சொல்லி வைத்திருக்கிறேன். பார்க்கிறோம் என்றார். அந்த நேரத்தில் நான் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வெளியே கேண்டீனில் இருப்பேன்.